வார்ப்பட ஸ்கேனரில் கடைவாய்ப்பல் டை: கிரௌன் ஏன் உட்காரவில்லை?

மெழுகுக்கத்தி (கோவை):

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக மெழுகில் பல் செதுக்குகிறேன். கணபதியில் நான்கு பேர் வேலை செய்யும் சிறிய பல் லேப் என்னுடையது. இப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் ஜிர்கோனியா என்ற பீங்கானில் செய்த கிரௌனைத்தான் (பல்லின் மேல் மாட்டும் உறை) கேட்கிறார்கள். அதற்காக மாடலைக் கூரியரில் வெளியூர் மில்லிங் சென்டருக்கு அனுப்புகிறேன். ஸ்கேன், வடிவமைப்பு, கடைசல் எல்லாம் அங்கேதான். பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பல்லின் வடிவம் என் கையை விட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மைத்துனர் பம்ப் வார்ப்படங்களுக்குப் பேட்டர்ன் செய்கிறார். நீல ஒளிப்பட்டைகளை வீசி அளக்கும் ஸ்கேனரும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் மென்பொருளும் அவரிடம் இருக்கின்றன. “இம்பெல்லரையே அளக்கிறோம், ஒரு பல்லை அளக்க முடியாதா மாப்பிள்ளை?” என்றார். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல் டை ஒன்றை, அதாவது மருத்துவர் செதுக்கிய பல்லுக்கு ஸ்டோன் என்ற ஜிப்சத்தில் ஊற்றிய நகலை, எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல மார்ஜினுக்குக் (கிரௌனின் ஓரம் வந்து முடியும் கோடு) கீழே செதுக்கி, மார்ஜினிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டு, சிமென்டுக்கு இடம் விடும் வெள்ளி நிற ஸ்பேசர் இரண்டு பூச்சு கொடுத்திருந்தேன். பளபளப்பில் ஒளி சிதறியது. வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயை இரண்டு முறை அடித்தோம். திரையில் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது, அவ்வளவு வழவழப்பு. கருவியின் கையேட்டில் துல்லியம் 0.02 மி.மீ. என்று இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து குமிழ்களையும் பள்ளங்களையும் நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். ரெசினில் அச்சடித்து டை மேல் வைத்தால் கிரௌன் முழுதாக இறங்கவில்லை. விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் ஆடுகிறது. மார்ஜினில் எக்ஸ்ப்ளோரர் என்ற ஊசிக் கருவியின் முனை தாராளமாக நுழைகிறது. என் மெழுகு வேலையில் இப்படி ஒரு இடைவெளி விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தவறு ஸ்கேனரிலா, மென்பொருளிலா, என்னிடமா? இதை வைத்துக்கொண்டே சரிசெய்ய வழி உண்டா, அல்லது கடன் வாங்கியாவது பல் ஸ்கேனர் வாங்க வேண்டுமா?

அளவறை (சென்னை):

ஐயா, பதினொரு ஆண்டுகள் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் இருந்தேன். இப்போது மனைவியின் பல் லேப்பைக் கவனிக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கையேட்டில் உள்ள 0.02 பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் உருண்டைகளை அளந்து பார்த்துச் சொல்லும் எண். உருண்டைக்கு விளிம்பு கிடையாது. உங்களுக்கு வேண்டியது விளிம்பு. மைத்துனரின் கருவி ஒரே பார்வையில் எவ்வளவு அகலம் பார்க்கிறது என்று கேளுங்கள். 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மெகாபிக்சல் கேமராவில் ஒரு வரிசைக்குச் சுமார் 2,450 புள்ளிகள். வகுத்தால் புள்ளிக்குப் புள்ளி 0.16 மி.மீ. உங்கள் சேம்ஃபர் (மார்ஜினில் செதுக்கிய சரிவு) அரை மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அதன் மேல் மூன்று புள்ளிகள்தான் விழும். மூன்று புள்ளிகளை வைத்து எந்த மென்பொருளும் கூர்மையான கோடு போட முடியாது, வளைத்துத்தான் போடும். 100 மி.மீ. பார்க்கும் லென்ஸ் இருந்தால் இடைவெளி 0.04 ஆகக் குறையும். லென்ஸ் மாற்றினால் அதற்குரிய தட்டை வைத்துக் கட்டாயம் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

நீங்கள் பார்த்து மகிழ்ந்த அந்த வழவழப்புதான் எனக்குக் கவலை தருகிறது. வார்ப்படத்தின் மணல் சொரசொரப்பைத் துடைப்பதற்காக அந்த மென்பொருள்களில் மென்மையாக்கும் வசதி பெரும்பாலும் இயக்கத்தில் இருக்கும். அது சொரசொரப்பையும் மார்ஜினையும் பிரித்துப் பார்ப்பதில்லை. டையின் மேல்முகமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பையும் மழுக்கிவிடும். அங்கே திரையில் உள்ள டை உண்மையான டையைவிடச் சிறுத்துப்போகும். கிரௌனின் உட்புறம் அந்த மூலையில் இடிக்கும். அதன் மேல் நின்றுகொண்டு ஆடும். உங்கள் கிரௌன் ஆடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உள்ளே சிவப்புக் குறியீட்டுப் பூச்சைத் தடவி உட்காரவைத்துப் பாருங்கள், இடிக்கும் இடம் தெரிந்துவிடும்.

விளிம்போடு அளவுக்கருவிகள் போராடுவது புதிதல்ல. 1980களில் சுவீடனில் மாட்ஸ் ஆண்டர்சன் உருவாக்கிய புரோசெரா முறையில் சிறு நீலக்கல் உருண்டை முனை டையைத் தொட்டுச் சுற்றி அளந்தது. அந்த உருண்டையைவிட இடுக்கான பள்ளத்துக்குள் முனை போகாது. அதனால் பல்லைச் செதுக்கும் மருத்துவரே கூர்முனைகளைத் தவிர்க்க வேண்டியிருந்தது.

ஜிர்கோனியா (மதுரை):

அண்ணா, அளவறை சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்பேசர் பூசிய டையை ஸ்கேன் செய்யவே கூடாது. மெழுகுக்காக நாம் பழகிய பழக்கம் அது. இங்கே வெறும் டையை ஸ்கேன் செய்து, சிமென்ட் இடைவெளியை மென்பொருளில் கொடுக்க வேண்டும். நான் மார்ஜினிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டு 60 மைக்ரான் (0.06 மி.மீ.) கொடுக்கிறேன். நீங்கள் செய்ததில் பளபளப்பான ஸ்பேசர், அதை மறைக்க ஸ்பிரே என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிட்டது. கை கொஞ்சம் கனத்தால் ஸ்பிரேயே முப்பது மைக்ரான் சேரும், அதுவும் மார்ஜின் பள்ளத்தில் போய்த் தேங்கும். மெக்லீன், ஃபான் ஃபிரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் 1971இல் சொன்ன 120 மைக்ரானைத்தான் இன்றும் பலர் மார்ஜின் இடைவெளிக்கு எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதில் கால் பங்கை ஸ்பிரேக்குக் கொடுக்கலாமா? ஸ்கேனுக்கென்றே பளபளப்பில்லாத தந்த நிற ஸ்டோன் கிடைக்கிறது, அதில் டை ஊற்றுங்கள்.

மென்பொருள் விஷயத்தில் மைத்துனர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருடையது இருக்கும் பொருளை அப்படியே திரும்ப வரையும் மென்பொருள். நமக்கு வேண்டியது இல்லாத பல்லை வரைய. மார்ஜின் கோடு, கிரௌன் இறங்கும் திசை, எதிர்ப்பல்லின் கடி, இவையெல்லாம் எக்ஸோகேட், த்ரீஷேப் போன்ற பல் வடிவமைப்பு மென்பொருள்களில் வேலையின் வரிசையிலேயே இருக்கின்றன. கடைசல் ஊசியின் விட்டத்தையும் கணக்கில் எடுக்கும். ஒரு மில்லிமீட்டர் ஊசியால் அதைவிடக் கூரான உள்மூலையைக் கடைய முடியாது என்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் தள்ளிக் கடையச் சொல்லும். ஜிர்கோனியா சூளையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதற்கும் கட்டியில் அச்சிட்ட எண்ணைக் கொடுத்துப் பெரிதாகக் கடைய வேண்டும். அந்த மென்பொருளை வாங்குமுன், வெளி ஸ்கேனரின் எஸ்.டி.எல். கோப்பை (முப்பரிமாண வடிவக் கோப்பு) ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது, மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளுங்கள்.

மெழுகுக்கத்தி (கோவை):

இருவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், வேலை செய்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சிவப்புப் பூச்சு கன்னப்பக்க முன்மூலையில் பட்டது. அளவறை சொன்ன அதே விளிம்பு. மைத்துனரிடம் 100 மி.மீ. லென்ஸ் பெட்டியிலேயே இருந்திருக்கிறது, பம்ப் வேலைக்குத் தேவைப்படவில்லை. அதை மாட்டி, அளவுத்திருத்தம் செய்து, மென்மையாக்கலை முழுதாக நிறுத்தினோம். 6 மி.மீ. பின் கேஜை (அளவு தெரிந்த உருளை) அளந்தால் 6.01 வந்தது. தந்த நிற ஸ்டோனில் ஊற்றிய வெறும் டையை ஐந்து முறை ஸ்கேன் செய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். படம் இந்த முறை சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ஜின் கோடு, நான் பூதக்கண்ணாடியில் பார்க்கும் அதே கோடு, திரையில் ஓடுகிறது. நண்பரின் லேப்பில் எக்ஸோகேடில் நானே உட்கார்ந்து வடிவமைத்தேன். மவுஸ் பிடிக்கும் விரல் இன்னும் பழகவில்லை. எந்தக் குமிழ் எங்கே சாய வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. ரெசின் கிரௌன் டை மேல் இறங்கி நின்றது. எக்ஸ்ப்ளோரர் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னும் யார் வாய்க்கும் அனுப்பவில்லை.

அடுத்தது கடி. மேல் மாடல், கீழ் மாடல் தனித்தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டில் ஸ்கேன் செய்து பொருத்தலாம் என்று இருக்கிறேன். ரப்பர் பேண்ட் போட்டுப் பிடிக்கலாமா?

ஜிர்கோனியா (மதுரை):

ரப்பர் பேண்ட் வேண்டாம் அண்ணா, இழுக்கும் பக்கம் சாய்ந்துவிடும். மாடல்களின் பின்புறத்தில் இரண்டு பக்கமும் தீக்குச்சி வைத்து ஸ்டிக்கி வேக்ஸால் ஒட்டுங்கள். பற்களின் வெளிமுகம் கேமராவுக்கு மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு நன்றாக ஆறிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள்.