கலுங்கை உயர்த்துவதா வேண்டாமா: ஊர் சொல்லட்டுமா, பொறியாளரா?

வைகைக்கரையான்:
2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடிப் பக்கம் குளங்கள் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது. இனி மழை இப்படித்தான், பெய்தால் பேய்மழை, இல்லாவிட்டால் வறட்சி. அதற்கேற்றபடி கண்மாய்களை மாற்றி அமைக்கும் திட்டத்தை அந்தந்த ஊர்க்கூட்டத்தில்தான் தீட்ட வேண்டும். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து வரைபடம் போட்டால் உருப்படாது.

மட்டப்பலகை:
கண்மாய் வேலையில் இருபது வருடம் இருந்தவன் சொல்கிறேன். ஊர்க்கூட்டம் போட்டால் எல்லா ஊரிலும் முதல் கோரிக்கை ஒன்றுதான்: "கலுங்கை அரை அடி ஏத்திக் கொடுங்க சார்." கலுங்கு என்பது கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். அதை ஏற்றினால் என்ன ஆகும்? உள்வாய் நிலம், அதாவது கண்மாய்த் தண்ணீர் பரவும் ஓரத்து நிலம், மூழ்கும். கீழ்க் கண்மாய்க்கு வழிந்து போகும் மறுகால் தண்ணீர் தாமதமாகும். கரை உச்சிக்கும் நிறைமட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். நீங்கள் சொல்லும் பேய்மழை அன்றைக்கு உடையப்போவது அந்தக் கரைதான். கண்மாய் தனிச்சொத்து இல்லை, ஒன்றன் கீழ் ஒன்றாக வரும் தொடர்.

வைகைக்கரையான்:
சரி, கலுங்கு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். தூர்வார ஜேசிபி வந்து, கரையை ஒட்டியே குழி எடுத்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்பாய்ச்சித் தாத்தா ஒரு கம்பைத் தண்ணீர் வெளியேறும் மடையின் வாயில் வைத்து, "இந்த மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அது மாட்டுக்குத்தான்யா, வயலுக்கு ஏறாது" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் குழியில் தண்ணீர் இன்றும் கிடக்கிறது, பக்கத்து வயல் காய்கிறது. கரையின் அடியையும் அரித்துவிட்டார்கள். அந்தக் கம்பு உங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?

கரிமூட்டம்:
இரண்டு பேரும் "ஊர், ஊர்" என்கிறீர்களே, அது யார்? 2017இல், ஊராரும் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது செலவில் பத்து சதவீதப் பங்கு ஆயக்கட்டு விவசாயிகளுடையது, அதாவது அந்தக் கண்மாயில் பாசனம் பெறுகிறவர்களுடையது, சங்கமும் அவர்களுடையது. வயல் இல்லாதவர்களுக்கும் அதே கண்மாயில் பிழைப்பு இருக்கிறது: ஆடு மேய்ப்பது, விறகு வெட்டுவது, பாசி ஏலத்தில், அதாவது மீன்பிடி உரிமை ஏலத்தில், மீன் பிடிப்பது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கத் தீர்மானம் போட்டார்கள். நானும் பிடுங்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அந்த மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற பெண்களில் ஒருத்தியைக்கூட அன்று கூப்பிடவில்லை.

மட்டப்பலகை:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது, அவருக்கும் சேர்க்கிறது. யாரை எதிர்க்கிறீர்கள்?

கரிமூட்டம்:
இரண்டு பேரையும்தான். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள், கலுங்கு மேலேயே வையுங்கள். மேல் கண்மாய்க்காரர், கீழ் கண்மாய்க்காரர், ஆட்டுக்காரர், மூட்டக்காரர் எல்லோரும் வரட்டும். அந்தத் தாத்தா கம்போடு வரட்டும், நீங்கள் லெவல் கருவியோடு வாருங்கள். அரை அடி ஏற்றினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று எல்லார் கண்முன்னாலும் சுண்ணாம்பு போட்டுக் காட்டுங்கள்.

வைகைக்கரையான்:
இதற்கு நான் தயார்.

மட்டப்பலகை:
நானும் வருகிறேன். உள்வாய்க்காரர் வயலில் சுண்ணாம்புக் கோடு விழும்போது கருவியைத் தூக்கிக்கொண்டு ஓட மட்டும் ஒரு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.