சாத்துக்குடியும் ஆரஞ்சும் ஒரே இனமா?

கேள்வி (மாடித்தோட்டம்):
நர்சரியில் வாங்கிய சாத்துக்குடிக் கன்றின் அட்டையில் 'சிட்ரஸ் லிமெட்டா' என்று இருக்கிறது. வேளாண் புத்தகத்திலோ 'சிட்ரஸ் சைனென்சிஸ்'. எதை நம்புவது?

பதில் (ஒட்டுக்கன்று):
புத்தகம் சொல்வதுதான் சரிங்க. நான் ஒட்டுக்கட்டுகிறவன். இந்த அட்டைக் குழப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. லிமெட்டா என்பது இனிப்பு எலுமிச்சை வகை. நம் சாத்துக்குடி, வடக்கே மொசம்பி, வெளிநாட்டு ஆரஞ்சுகளான வாலென்சியா, நேவல் எல்லாமே சைனென்சிஸ், அதாவது இனிப்பு ஆரஞ்சுதான். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் இதைக் கசப்பு ஆரஞ்சின் ஒரு வகையாகத்தான் வைத்தார்; 1765-இல் ஆஸ்பெக் என்ற தாவரவியலாளர் தனி இனமாக்கினார். உண்மையில் இது கலப்பினம்: பம்பளிமாசும் மாண்டரினும் (கமலா ஆரஞ்சு வகை) கலந்து வந்தது, தாய்வழி பம்பளிமாஸ். அதனால்தான் பெயரின் நடுவே பெருக்கல் குறி போடுகிறார்கள்.

பதில் (ஏற்காட்டுக்காரன்):
அப்போ எங்கள் மலையில் விளையும் கமலா ஆரஞ்சு?

பதில் (ஒட்டுக்கன்று):
அது மாண்டரின், சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா. உரித்துப் பாருங்க: கமலாத் தோல் தளர்ந்து கையோடு வந்துவிடும், சாத்துக்குடித் தோல் சதையோடு ஒட்டியிருக்கும். கடையில் பெயர் எதுவானாலும் இந்தச் சோதனை போதும். இன்னொன்று, கறிவேப்பிலையும் வில்வமும்கூட ஆரஞ்சு, எலுமிச்சை சேர்ந்த இதே ரூட்டேசி தாவரக் குடும்பம்தான். இலையைக் கசக்கினால் வாசம் வருகிறதே, அந்த எண்ணெய்ச் சுரப்பிதான் குடும்ப அடையாளம்.

பதில் (மாடித்தோட்டம்):
நன்றி அண்ணா. அட்டையை மாற்றி எழுதிவிட்டேன். விதையிலிருந்து வளர்க்கலாமா?

பதில் (ஒட்டுக்கன்று):
வளர்க்கலாம், பெரும்பாலும் தாய்மரம் மாதிரியேதான் வரும். ஆனால் காய்க்கப் பல வருஷம் ஆகும். ஒட்டுக்கன்றே வையுங்க.