கையெழுத்து உறையில் ஒட்டிக்கொண்டது, எப்படிப் பிரிப்பது?

1989 அப்பர் டெக் நிறுவனத்தின் பேஸ்பால் கார்டு, வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி (அறிமுக ஆண்டு) கார்டு, எண் 1. முன்பக்கம் நீல மார்க்கரில் அவர் கையெழுத்து. மை சரியாகக் காய்வதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்தால், முதல் எழுத்தின் வளைவு மட்டும் உறையோடு ஒட்டியிருக்கிறது. லேசாக இழுத்தாலே மை நூல் போல எழும்புகிறது, பயந்து நிறுத்திவிட்டேன்.

ஜிப் பையில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தேன், பலனில்லை. அப்புறம் உறையின் ஓரத்தை வெட்டித் திறந்தேன், மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டது. ஆல்கஹால், சூடு பக்கமே போகவில்லை. கார்டுகளைத் தரம் பார்த்து மதிப்பெண் தரும் பிஎஸ்ஏ நிறுவனத்தில் கார்டுக்கும் கையெழுத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் வாங்கலாம். மூலைகள் நான்கும் கூர்மையாக இருக்கின்றன. கையெழுத்து கெட்டால்தான் மனசு ஆறாது.

மை உரியாமல் உறையைப் பிரிக்க, நீங்களே செய்து பார்த்த வழி ஏதாவது உண்டா?