வெளிநாட்டு லீக்கில் கூடைப்பந்து ஆடப் போகிறவர்களுக்கு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

"எந்த நாட்டு லீக்கில் காசு அதிகம்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கீழ்நிலை லீக்குகளில் ஆடிவிட்டு, இப்போது இளம் வீரர்களின் ஒப்பந்தங்களை அவர்களோடு உட்கார்ந்து படிப்பவன் நான். அந்தக் கேள்வியை மூன்றாவதாக வையுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த லீக்கில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்த இடம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. சொன்ன தேதியில் சம்பளம் கொடுக்கும் கிளப்பா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் தொகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் அந்த இடம் என்ற விஷயம். ஏறக்குறைய எல்லா லீக்கிலும் வெளிநாட்டு வீரர்களுக்கு வரம்பு உண்டு. அவர்களை 'இம்போர்ட்' என்பார்கள். ஜெர்மனியின் பி.பி.எல்.லில் பன்னிரண்டு பேர் கொண்ட ஆட்டப் பட்டியலில் ஆறு பேராவது ஜெர்மானியர்களாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் என்.பி.எல்.லில் ஓர் அணிக்கு வழக்கமாக மூன்று இம்போர்ட். பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. 1975-ல் தொடங்கிய லீக், ஆசியாவின் முதல் தொழில்முறை லீக். அங்கே சில தொடர்களில் அணிக்கு ஒரே ஒரு இம்போர்ட்தான், அதற்கும் உயர வரம்பு வைப்பார்கள். அந்த லீக்கின் தொடர்களில் ஒன்றான பிலிப்பைன்ஸ் கோப்பையில் இம்போர்ட்டே கிடையாது.

இதற்கு அர்த்தம் என்ன? நீங்கள் போட்டி போடுவது அந்த ஊர்ப் பையன்களோடு அல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டு ஆண்டுதோறும் வேலை தேடி வெளியே வரும் நூற்றுக்கணக்கான வீரர்களோடு. கிளப் ஓர் இம்போர்ட் இடத்தை உங்களுக்குக் கொடுத்தால், அணியின் முதல் இரண்டு மூன்று வீரர்களில் ஒருவராக நீங்கள் ஆடியே தீர வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகக் கற்றுக்கொள்ள இம்போர்ட்டுக்கு அவகாசம் தரமாட்டார்கள். நான்கைந்து ஆட்டம் சரியில்லை என்றால் ஏஜென்ட்டுக்குத் தொலைபேசி போய்விடும். கோச் மாறினாலும் அப்படித்தான். புது கோச் தனக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவர நினைப்பார், முதலில் கை வைப்பது இம்போர்ட் இடத்தில்தான்.

அதனால்தான் இம்போர்ட்டாகக் கணக்கில் வராமல் ஆட வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரரின் வழக்கில் கொடுத்த தீர்ப்பு கூடைப்பந்தையும் மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டுக் குடிமகனை இன்னொரு உறுப்பு நாட்டில் வெளிநாட்டவர் என்று ஒதுக்க முடியாது. பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ பிறந்து வளர்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதன் மதிப்பு தெரிவதில்லை. ஒரே திறமை உள்ள இரண்டு பேரில் அந்தப் பாஸ்போர்ட் இருப்பவருக்குத்தான் முதல் அழைப்பு வரும். ஜப்பானின் பி.லீக் 2020-ல் ஆசிய வீரர்களுக்கென்று தனி இடம் திறந்தது. பிலிப்பைன்ஸ் வீரர்கள் பலர் அந்த வழியாகத்தான் போனார்கள். ஆனால் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டுமே அந்த இடம். உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முயற்சி செய்யுங்கள்.

இந்தியாவிலிருந்து போனவர்களின் பாதையையும் கவனியுங்கள். சத்னாம் சிங்கை 2015-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-வது தேர்வாக எடுத்தபோது எல்லாரும் கொண்டாடினோம். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனாலும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அம்ரித்பால் சிங் ஜப்பானின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பிறகு, 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் மெல்போர்னில் ரிங்வுட் அணிக்காக மாநில அளவிலான லீக்கில் ஆடி நல்ல பெயர் எடுத்தார், 2011-ல் அவரை அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் தேர்வு முகாமுக்கு அழைத்தன. பெரிய பெயரைவிட, ஆட்டத்தில் நிமிடங்கள் கிடைக்கும் இடம்தான் அடுத்த கதவைத் திறக்கிறது என்பதற்குக் கடைசியாகச் சொன்ன இருவரும் நல்ல உதாரணம். முதல் ஒப்பந்தத்தில் இரண்டாம் நிலை லீக்கில் முப்பது நிமிடம் ஆடுவதா, முதல் நிலையில் மூன்று நிமிடம் ஆடுவதா என்றால், யோசிக்காமல் முப்பது நிமிடத்தை எடுங்கள்.

இனி ஒப்பந்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் 'நெட்' தொகையில் பேசுவார்கள். அதாவது வரியைக் கிளப் கட்டும், கையில் வருவது உங்களுக்கு. வேறு சில நாடுகளில் 'கிராஸ்' தொகை, அதாவது வரி கழிப்பதற்கு முந்தைய தொகை. ஒப்பந்தத்தில் எது என்று ஒரு வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். நெட் என்றால், கிளப் உங்கள் பெயரில் வரி கட்டியதற்கான சான்றிதழைத் தரும் என்றும் எழுதி வாங்குங்கள். இரு நாடுகளுக்கிடையே வரி ஒப்பந்தம் இருந்தாலும், விளையாட்டு வீரரின் வருமானத்துக்கு அவர் ஆடும் நாடே வரி போடலாம் என்பதுதான் அவற்றில் வழக்கமான விதி. சில வருடம் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம் வந்தால் காட்டுவதற்கு அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

சம்பளத் தேதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். "மாதாமாதம்" என்று மொட்டையாக இருந்தால் ஏற்காதீர்கள். இத்தனை நாள் தாமதித்தால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வராமல் இருக்கலாம், இன்னும் இத்தனை நாள் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதித் தொகை முழுவதையும் கேட்கலாம் என்ற வாசகங்களும் வேண்டும். எனக்கே ஒரு கிளப்பில் சம்பளம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அறையில் இருந்த மற்ற வீரர்கள் "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே சீசனை முடித்தார்கள். என் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருந்ததால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தேன், பணம் வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற வாசகம். கூடைப்பந்தின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 2007-ல் கூடைப்பந்துக்கென்றே ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. சுருக்கமாக பேட் என்பார்கள். அதன் இருப்பிடம் ஜெனீவா. நீங்கள் எந்த நாட்டில் ஆடினாலும், அந்த ஊர் நீதிமன்றத்தில் தெரியாத மொழியில் அலையாமல், ஆங்கிலத்தில் ஆவணங்களை அனுப்பியே பெரும்பாலும் வழக்கை முடிக்கலாம். எந்த நாட்டின் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு நிற்காமல், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு சொல்வது அதன் வழக்கம். தீர்ப்புப்படி பணம் தராத கிளப் புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம், கிளப்புகள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இருந்தால்தான் மன்றம் உங்கள் வழக்கைத் தொடும். தொடங்கும்போது கட்டணமும் உண்டு, அதில் ஒரு பகுதி திரும்பி வராது. அந்த வாசகத்தின் மாதிரி மன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். போட மறுக்கும் கிளப்பை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

ஏஜென்ட் ஃபிபா உரிமம் பெற்றவரா என்று ஃபிபாவின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் அவருக்கான பங்கை வழக்கமாகக் கிளப்தான் தரும். முன்பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் ஒருவர் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். இன்னொன்று, உங்கள் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியும், இரண்டு தரப்புக் கையெழுத்தோடு, உங்களிடம் இருக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் இருக்கிறது என்பது போதாது.

போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை நடக்கும். இத்தனை மணி நேரத்துக்குள் கிளப் முடிவைச் சொல்ல வேண்டும், அதற்குள் மறுக்கவில்லை என்றால் தேறியதாகக் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஆட வைத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் சரியில்லை என்று திருப்பி அனுப்ப வழி இருக்கும். ஆடும்போது காயம்பட்டால் சம்பளம் தொடருமா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை நீடித்தால் என்ன என்பதையும் அப்போதே கேளுங்கள். காயம்பட்ட பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

அப்புறம் கிளியரன்ஸ் கடிதம். கடைசியாக எந்த நாட்டில் பதிவு செய்து ஆடினீர்களோ, அந்த நாட்டுக் கூட்டமைப்பு அதைக் கொடுத்தால்தான் புது நாட்டில் இறங்க முடியும். பழைய கிளப்போடு ஒப்பந்தம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது மட்டுமே மறுப்பதற்கான காரணம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாடு விட்டு நாடு மாற விதிகள் இன்னும் கடுமை, பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்டமும் கொஞ்சம் வேறுதான். என்.பி.ஏ.வையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஃபிபா விதியில் மொத்தம் 40 நிமிடம்தான் என்பது முதலில் உறைக்காது. ஐந்தாவது ஃபவுலில் வெளியே. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். தற்காப்பு வீரர் வளையத்தின் கீழேயே நின்றுகொள்ளலாம், வளையத்தின் கீழ்ப் பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி அங்கே தாக்கும் அணிக்கு மட்டும்தான். அதனால் உள்ளே எப்போதும் நெரிசல், தூரத்திலிருந்து குறி பார்த்து எறியத் தெரியாதவர்களுக்குக் கஷ்டம்.

கீழே பின்னூட்டத்தில் சிலர் கேட்டவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். உள்ளூர் கிளப் ஆட்டத்துக்குக் கொஞ்சம் பணம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?"

தம்பி, வாங்குவதற்கு முன் விசா நிபந்தனையைப் படியுங்கள். பல நாடுகளில் மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை பார்க்கத் தடை இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி இதற்குப் பொருந்தாது. பிரிட்டனில் அதற்கென்றே தனி விசா, விளையாட்டு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். அமெரிக்காவிலும் மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு வீரர்களுக்கு விளம்பர வருமானம் சிக்கலான விஷயம். சிறு தொகைக்காகப் படிப்பையும் விசாவையும் பணயம் வைக்க வேண்டாம். பணம் வாங்காமல் பல்கலைக்கழக அணியில் ஆடுங்கள். இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்கள் முதுகலை படிக்கும் வீரர்களுக்குக் கட்டணச் சலுகை தந்து தேசிய லீக்கில் ஆட வைக்கின்றன. அது நல்ல வழி.

"ஜிம்மில் எல்லாரும் குடிக்கும் பவுடரை நானும் எடுத்துக்கொள்ளலாமா?"

அணி மருத்துவரிடம் காட்டாமல் எதையும் வாயில் போடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேலே சொன்ன சத்னாம் சிங்குக்கே ஹைஜெனமைன் என்ற பொருள் சோதனையில் தெரிந்ததால் 2020-ல் இரண்டு ஆண்டு தடை விழுந்தது. உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. டப்பாவில் எழுதாமல் விட்டிருந்தார்கள் என்று சொல்லி முழுதாகத் தப்பிப்பது மிகக் கடினம்.

"அண்ணா, என் தங்கைக்கு ஏழு மாத ஒப்பந்தம்தான் தருகிறார்கள். மீதி ஐந்து மாதம் என்ன செய்வது?"

பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படித்தான், பயப்பட வேண்டாம். நாட்காட்டியைப் பார்த்துக் கோத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய லீக்குகள் இலையுதிர் காலத்தில் தொடங்கி மே, ஜூன் வரை போகும். ஆஸ்திரேலியாவில் பெண்கள் தேசிய லீக் முடிந்ததும் என்.பி.எல்.1 என்ற மாநில அளவிலான லீக் வந்துவிடும், தங்கை அதில் தொடர்ந்து ஆடலாம். ஆண்களுக்கு நியூசிலாந்து லீக் மார்ச், ஏப்ரல் வாக்கில் தொடங்கும், கனடாவின் சி.இ.பி.எல். மே முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் உடம்புக்கு ஓய்வு வேண்டும், இரண்டு சீசனுக்கு நடுவே சில வாரமாவது பந்தைத் தொடாமல் இருக்கட்டும். கிளப் கொடுத்த வீட்டை ஒப்பந்தம் முடிந்து எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்றும், அந்தக் கிளப்பின் பெயரில் வாங்கிய விசா அதன் பிறகு எத்தனை நாள் செல்லும் என்றும் தங்கை இப்போதே எழுத்தில் கேட்டு வைக்கட்டும். சீசன் நடக்கும்போதே ஒவ்வொரு ஆட்டத்தின் முழுக் காணொளியையும் சேமிக்கச் சொல்லுங்கள். பந்து உள்ளே போன துண்டுகளை மட்டும் ஒட்டி அனுப்பினால் கோச்சுகள் பாதியிலேயே மூடிவிடுவார்கள். பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறார், தவறவிட்ட பிறகு எப்படித் திரும்பி ஓடுகிறார் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.