சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டி) வர்ற மெட்ரோ வாட்டர் லைன்ல என்.ஆர்.வி. (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற வால்வு) வேலை செய்யுதானு எப்படி டெஸ்ட் பண்றது?

வண்ணை_மாடிவீடு:
பழைய வண்ணாரப்பேட்டை, மூணு குடித்தனம், ஒரே சம்ப்பு. முக்கால் இன்ச் லைன்ல பித்தளை என்.ஆர்.வி. இருக்கு. தண்ணி விட்டதும் முதல்ல கலங்கலா, சாக்கடை வாடையோட வருது. என்.ஆர்.வி. போயிடுச்சா? கழட்டாம பார்க்க முடியுமா?

குழாய்_பித்தன்:
சார், வாடைக்கு அது காரணம் இல்ல. உங்க சம்ப்பு தண்ணி தெருவுக்குத் திரும்பாம தடுக்கறதுதான் அதோட வேலை. சப்ளை நின்னதும் லைன் காலியாகும். தெருவுல யாராவது நேரடியா மோட்டார் போட்டு இழுத்தா, விரிசல் வழியா பக்கத்துல தேங்கியிருக்கிற கழிவுநீர் உள்ளே போயிடும். சப்ளை நின்னதும் என்.ஆர்.வி.க்கு முன்னாடி, தெருப்பக்கம் உள்ள டேப்பைத் திறந்து டேப் வாயில பேப்பர் வைங்க. ஒட்டிக்கிச்சுன்னா லைன் உறிஞ்சுது.

1916க்கு போன் பண்ணி கலப்புன்னு புகார் கொடுங்க. தெரு லைனை அவங்கதான் பார்க்கணும்.

பெரம்பூர்_பிளம்பிங்:
டெஸ்டுக்கு தெருப்பக்கத்துல இருந்து வரிசை இப்படி இருக்கணும்: கேட் வால்வு, டேப், என்.ஆர்.வி., இன்னொரு டேப், இன்னொரு கேட் வால்வு. டேப் இல்லன்னா ரெண்டு டீ (T வடிவ இணைப்பு) போட்டு அரை இன்ச் டேப் வைங்க, பெரிய செலவில்ல.

சப்ளை வர்ற நேரம் ரெண்டு கேட்டையும் மூடுங்க. தெருப்பக்க டேப்பைத் திறந்தா கொஞ்சம் வடிஞ்சு சொட்டு நிக்கணும். நிக்கலன்னா தெருப்பக்க கேட் கசியுது, அதை மாத்தாம டெஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. நின்னா, சம்ப்புப் பக்க டேப்ல மாடி டேங்க் ஓஸை மாட்டி திறந்து விடுங்க. தெருப்பக்க டேப்ல பத்து நிமிஷம் பாருங்க. விடாம சொட்டினா என்.ஆர்.வி. சீட்ல (ஃபிளாப், அதாவது உள்ளே மூடற தகடு, உட்கார்ற இடம்) மணலோ துருவோ சிக்கியிருக்கு, இல்ல ரப்பர் போயிடுச்சு. அப்புறம் ஓஸ்ல பக்கெட் உயரத்துத் தண்ணி மட்டும் வச்சு பாருங்க. அழுத்தம் குறைஞ்சா ஃபிளாப் சரியா உட்காராது, நிறைய வால்வு இதுலதான் மாட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

ஃபிளாப் டைப்பை படுக்கையா போடணும். சம்ப்புக்குள்ள இறங்கற குழாய்ல செங்குத்தா போட்டா மூடவே மூடாது. வால்வு மேல உள்ள அம்புக்குறி சம்ப்பைப் பார்த்து இருக்கணும்.

குழாய்_பித்தன்:
சம்ப்பு மூடியையும் திறந்து பாருங்க. தண்ணி விழற சத்தம் கேட்கக்கூடாதுன்னு முனையில பிவிசி துண்டு செருகி அடிவரைக்கும் விட்டிருப்பாங்க. முதல்ல அதை உருவுங்க. முனை, ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேல ஒன்றரை இன்ச்சாவது இருக்கணும். அந்த இடைவெளி இருந்தா என்.ஆர்.வி. பழுதானாலும் சம்ப்பு தண்ணி திரும்பாது.

வண்ணை_மாடிவீடு:
பிவிசி துண்டு இருக்கு! சம்ப்பையும் கழுவணுமா?

பெரம்பூர்_பிளம்பிங்:
வாடைத் தண்ணி விழுந்திருந்தா கட்டாயம். வடிச்சு, தேய்ச்சு, நிரப்பிட்டு ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடரை பக்கெட்ல கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்துங்க. ராத்திரி முழுக்க விட்டு காலையில வெளியேத்துங்க. அந்தத் தண்ணியை மேல் டேங்குக்கு ஏத்தாதீங்க, குடித்தனக்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க.