காண்டுஸ் ஃபிர்முஸ்: ஊன்றுமெட்டா, நிலைமெட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

ஜெர்மன் இசையமைப்பாளர்கள் ஹூகோ டிஸ்ட்லர் (1908–1942), எர்ன்ஸ்ட் பெப்பிங் (1901–1981) இருவரின் லுத்தரன் குழுப்பாடல்களுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ஒரு சொல் மட்டும் இழுபறியில் நிற்கிறது: காண்டுஸ் ஃபிர்முஸ். சபைக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டின் மெட்டை ஒரு குரல் பாட, மற்ற குரல்கள் அதைச் சுற்றிப் புதிதாகப் பின்னும். அந்தத் தெரிந்த மெட்டுக்குத்தான் பெயர் வேண்டும். 'ஊன்றுமெட்டு' என்பது என் முன்மொழிவு. 'ஆதார மெட்டு' என்றால் ஆதார சுருதி நினைவுக்கு வந்துவிடும். 'கருமெட்டு' வேண்டாம், ஃபியூகின் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம்) கருவோடு மோதும்.

---

> 'ஊன்றுமெட்டு' என்பது என் முன்மொழிவு

ஒப்பவில்லை ஐயா. ஊன்று என்றால் அடியில் நின்று தாங்குவது. 15ஆம் நூற்றாண்டில் இந்த மெட்டு பெரும்பாலும் டெனரில் (ஆண்களின் உயர் குரல்) இருந்தது, பின்னர் சோப்ரானோவுக்கு (எல்லாவற்றிலும் மேலான குரல்) ஏறியது. இன்று எந்தக் குரலிலும் வரலாம். ஊன்றுமெட்டு என்று எழுதினால் பேஸ் (அடிக்குரல்) பாடுகிறவர்கள் அது தங்களுடையது என்று எண்ணி அழுத்துவார்கள், ஆல்டோவில் (சோப்ரானோவுக்கு அடுத்த குரல்) இருக்கும் மெட்டு மூழ்கிவிடும். ஒத்திகையில் அடிக்கடி நடக்கும் கோளாறே இதுதான். மெட்டை முதலில் எல்லாரும் ஒரே குரலாகப் பாடிப் பழக வேண்டும். பிறகு குரல் பிரித்து, மெட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்களைவிட மற்றவர்கள் ஒரு படி மெல்லப் பாடினால் சரியாகும்.

'நெடுமெட்டு' என்றும் முன்பு ஒரு யோசனை வந்தது. பழைய ஆர்கன் இசைக்கு வேண்டுமானால் பொருந்தும். அங்கே மெட்டு நீண்ட சுரங்களில் வரும். டிஸ்ட்லரில் அது பெரும்பாலும் மற்ற குரல்களின் வேகத்திலேயே ஓடும். 'நிலைமெட்டு' என்று வைக்கலாம்.

---

நிலைமெட்டு நல்ல சொல். ஒரு தயக்கம் மட்டும்: நிலை என்பதைப் பாடகர்கள் தாளத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களோ?

டிஸ்ட்லர் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகத் தாளக்கோடு (தாளப் பகுதிகளைப் பிரிக்கும் கோடு) போடுவார். சோப்ரானோ மூன்றில் நடக்கும்போது டெனர் இரண்டில் நடக்கலாம். அழுத்தம் ஜெர்மன் சொல்லின் அசையைப் பின்தொடரும். நடத்துநர் ஒரு குரலின் கோட்டைப் பிடித்துக்கொண்டு கையசைத்தால் மற்ற மூன்று குரலிலும் சொல் தப்பான அசையில் விழும். சமமான சிறு அடியை மட்டும் காட்டிவிட்டு அழுத்தத்தைப் பாடகரிடமே விட வேண்டும். சுரம் இல்லாமல், தாளத்தோடு வரிகளைப் பேசிப் பழகியபின் பாடுவது பாதி வேலையை முடித்துவிடும். 'நிலை'யைக் கேட்டு மெட்டுக்காரர்கள் கட்டைபோல் நின்றால் இதெல்லாம் கெட்டுப்போகும்.

---

அந்தத் தயக்கத்துக்கு விளக்கக் குறிப்பு போதும். மாறாமல் நிற்பது மெட்டின் அடையாளம்தான், அதன் ஓட்டம் அல்ல. கிறிஸ்து பிறந்த கதையைப் பாடும் டிஸ்ட்லரின் 'வைநாக்ட்ஸ்கெஷிக்டே' (1933) இதற்கு நல்ல சான்று. இடையிடையே 'எஸ் இஸ்ட் ஐன் ரோஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு மாறுபாடுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. உடை மாறும், ஆள் தெரியும். (அந்த மெட்டு 1599இல் ஷ்பையர் நகரின் கத்தோலிக்கப் பாட்டுப்புத்தகத்தில் அச்சானது. லுத்தரன்கள் அதற்காக அதை விட்டுவிடவில்லை.)

அச்சுப் பிரதிகளில் மெட்டு தொடங்கும் இடத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம் போடுவது வழக்கம். நமக்கு 'நி.மெ.' கிடைக்கிறது, குரல்வரிக்கு மேல் அடங்கும். 'ஊ.மெ.' என்று யாரும் எழுதமாட்டார்கள்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

நிலைமெட்டு (நி.மெ.): பல்குரல் பாடலில் ஏதேனும் ஒரு குரல் ஏந்தி வரும், முன்பே வழக்கிலுள்ள மெட்டு. எந்தக் குரலிலும் வரலாம். சுர நீளம் மாறலாம்.

---

ஏற்கிறேன், ஊன்றுமெட்டைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்தது 'கொரால்', அதாவது லுத்தரன் சபைப்பாட்டு. தமிழ் லுத்தரன் சபைகளில் ஜெர்மன் மெட்டில் பாடும் மொழிபெயர்ப்புப் பாட்டுக்கு 'ஞானப்பாட்டு' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, தமிழ் இராகத்தில் அமைந்தவை கீர்த்தனைகள். ஆகவே புதுச்சொல் தேடத் தேவையில்லை. ஆனால் ஜெர்மனில் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடலான கிரகோரியன் ஒற்றைக்குரல் பாடலையும் கொரால் என்றே சொல்வார்கள். அதற்கு ஞானப்பாட்டு பொருந்தாது. அதைத் தனிப்பதிவாகப் பிரிக்கலாமா? கருத்துகளைத் தனி இழையில் எழுதுங்கள்.