2002 எஸ்டீமைப் பந்தயத் தளத்துக்குத் தயார் செய்கிறேன்: என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

உடுமலை_வெள்ளை_எஸ்டீம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் நின்றிருந்த 2002 மாடல் மாருதி எஸ்டீமை வாங்கியிருக்கிறேன். வெள்ளை நிறம். பதிவை 2022இல் புதுப்பித்திருக்கிறார்கள். 2027 வரை செல்லும். நூற்பாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பேரிங் மாற்றுவதும் ஷாஃப்ட் நேர் பார்ப்பதும் அன்றாட வேலை. கார் என்ஜினை முழுதாகப் பிரித்ததில்லை.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பள்ளி நாட்களில் பந்தயம் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தக் கார்தான் வேண்டும். 1.3 லிட்டர், 16 வால்வு, 85 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்கும் குறைவு. இப்போது வரும் கார்களில் இந்த எடையைத் தேடினாலும் கிடைக்காது. என் ஆசை இதுதான்: காரை நானே ஓட்டிச் சென்று, தளத்தில் மனநிறைவாக ஓட்டி, அதே காரில் வீடு திரும்ப வேண்டும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற காராக அதை மாற்ற விருப்பமில்லை.

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் கொடுக்கும் அழுத்தம், பார்த்தோம். 1 முதல் 4 வரை: 168, 165, 120, 166 பிஎஸ்ஐ. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், "மூன்றாவது போய்விட்டது, எல்லா சிலிண்டர் துளைகளையும் கடைந்து பெரிதாக்கி (போர் செய்து) 0.50 மி.மீ ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையும் கொஞ்சம் சீவிவிடலாம், வால்வுகளை அதிகம் தூக்கும் ஹை லிஃப்ட் கேம் போட்டால் பறக்கும்" என்கிறார். இல்லாவிட்டால் பலேனோவின் 1.6 என்ஜினை இறக்கலாம் என்கிறார். என்ஜின் வேலைக்கு மட்டும் 1,20,000 ரூபாய் மதிப்பீடு. என்னிடம் மொத்தமே 2 லட்சம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

---

புதுப்பேட்டைக்காரன் எழுதியது:

பலேனோ என்ஜினே நல்லது, சகோதரி. 1590 சிசி, 94 குதிரைத்திறன். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 90 மி.மீ என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். கையில் எடுத்த அன்றே வித்தியாசம் தெரியும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் இன்னும் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: என்ஜின், கியர் பாக்ஸ், வயரிங், இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நான்கையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். வயரிங் வேறு, இசிஎம் வேறு என்று சேர்த்தால் கோளாறு எங்கே என்று தேடியே காலம் போய்விடும்.

---

சிங்காநல்லூர்_மைக்ரோமீட்டர் எழுதியது:

அம்மணி, மெக்கானிக் சொன்னதையும் மேலே தம்பி சொன்னதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் என்ஜினில் இதுவரை ஒரே ஒரு அளவுதான் எடுத்திருக்கிறீர்கள். அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு 1,20,000 ரூபாய்க்கு வேலை சொல்வது முறையல்ல. நான் டூல் ரூமில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் ஒரு ஜிப்சியை ஒவ்வொரு போல்ட்டாகப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். அதிலும் இதே 1.3 என்ஜின்தான். 2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இதே குடும்பம். கோவையில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களிலும் சுசுகியின் 1.3தான். ஆகவே உதிரிபாகத்துக்கோ, கை தேர்ந்த பட்டறைக்கோ நம் பக்கத்தில் பஞ்சமில்லை. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

முதலில் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது புகை வெளியேறும் பக்கம், இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் அதன் வழியே கசியும், நாளடைவில் வால்வின் விளிம்பே கருகும். சரிசெய்துவிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். பாட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள், இக்னிஷன் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்துப் பிடியுங்கள். இதில் ஒன்று தவறினாலும் அளவு பொய் சொல்லும்.

மூன்றாவது அப்போதும் 120லேயே நின்றால், அதன் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறாமல் நின்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். உங்கள் எண்களில் அந்த அடையாளம் இல்லை. இன்னும் உறுதியாகத் தெரிய, அந்த சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, கை பிரேக்கையும் இழுத்துவிட்டு, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விடுங்கள். சைலன்ஸர் வாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்கிறதா, அப்போது ரிங். நூற்பாலையில் காற்றுக் கசிவு தேடிப் பழகிய காதுக்கு இது பெரிய வேலையே இல்லை.

இப்போது ஓவர்சைஸ் விஷயம். உங்கள் என்ஜினின் போர் 74 மி.மீ, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ, அதனால்தான் 1298 சிசி. 74.5 ஆக்கினால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுங்கள்: 1316. கூடுவது 18 சிசி. தேய்ந்த போரைக் காப்பாற்றத்தான் ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கிறது. தேயாத பிளாக்கில் கடைந்து எடுத்த இரும்பைத் திரும்பச் சேர்க்க எந்தப் பட்டறையாலும் முடியாது. நாளை உண்மையிலேயே தேய்ந்தால் ஒரு வாய்ப்பு குறைந்துபோயிருக்கும். போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தராத பட்டறையிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

ஹெட் சீவுவதும் அப்படியே. தளம் கோணியிருந்தால் சமமாகும் அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். கேம் வேண்டவே வேண்டாம். ஹை லிஃப்ட் கேம் சக்தியை மேல் சுற்றுக்குத் தள்ளும். கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ நீளமுள்ள சிறிய தளம். வளைவிலிருந்து வெளியேறும்போது நடுச்சுற்றில் இழுவை இருந்தால்தான் நேரம் குறையும். போதாக்குறைக்கு, கேம் மாறியது பழைய இசிஎம்முக்குத் தெரியாது.

பலேனோ என்ஜின் நல்ல என்ஜின்தான், தம்பி சொன்னதில் தவறில்லை. ஆனால் இவர் இதே காரில் வீடு திரும்ப விரும்புகிறார். பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண்ணும் சிசியும் இருக்கின்றன. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் என்ஜினை மாற்றினால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க அதுவே காரணமாகிவிடும்.

---

கொடிக்காரன்_இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

ஐயா என்ஜினைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் மார்ஷலாகக் கொடி பிடித்து நிற்பவன். என்ஜின் பலம் போதாமல் ஆபத்தில் சிக்கிய காரை நான் பார்த்ததில்லை. பிரேக் மிதி தரையைத் தொட்ட காரைப் பார்த்திருக்கிறேன். ஆயில் சிந்திக்கொண்டே வந்து, பின்னால் வருபவர்களுக்கு மஞ்சள் சிவப்புக் கோடு போட்ட கொடியை நான் அசைக்க வேண்டிவந்த கார்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் 2 லட்சத்தில் முதல் ரூபாய் பிரேக்குக்குப் போகட்டும்.

100 கி.மீ வேகத்தில் இருப்பதைவிட 120இல் காரின் இயக்க ஆற்றல் 44 சதவீதம் அதிகம். அது முழுவதையும் சின்ன முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். கொட்டகையில் நின்ற காரின் பிரேக் ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. ஆகவே எல்லா ரப்பர் குழாய்களும் புதிது, மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், கேலிப்பர் சீல், புதிய டாட் 4. தளத்துக்குப் போகும் முன் ஒருமுறை பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள். கரியின் பிட் வரிசைக்குள் நுழையும்போதெல்லாம் மிதி மேலே நிற்கிறதா என்று பாருங்கள். கை பிரேக்கை இழுத்து நிறுத்தாதீர்கள். சூடான டிரம்மில் அது வேண்டாத தொல்லை.

அடுத்து டயர். இப்போது என்ன அளவு போட்டிருக்கிறீர்கள்? 175/70 ஆர்13 என்றால் அதன் விட்டம் 575 மி.மீ. 185/60 ஆர்14 போட்டால் 578 மி.மீ. வேகமானி பொய் சொல்லாது, கியர் விகிதமும் மாறாது, அந்த அளவில் நல்ல பிடிப்புள்ள டயர் கிடைக்கும். பழைய டயரில் பூவேலை எவ்வளவு மிச்சமிருந்தாலும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு எண்களைப் பாருங்கள். கடைசி இரண்டும் ஆண்டு.

துரு முக்கியம். துணியில் சுற்றிய காந்தத்தை ரன்னிங் போர்டு, சக்கர வளைவு, பூட்டில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் வந்து முட்டும் இடம் எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரட் முட்டும் இடத்தில் துரு இருந்தால் என்ஜின் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கார் கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் போடச் சொல்லி யாராவது வருவார்கள். போட்டி வண்டிக்கு எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதியின்படி பிரதான வளையம் குளிர்முறையில் இழுத்த சீம்லெஸ் எஃகுக் குழாய், 45 மி.மீ விட்டம், 2.5 மி.மீ தடிப்பு அல்லது 50 மி.மீ விட்டம், 2.0 மி.மீ தடிப்பு. கேட் செய்கிற பட்டறையில் தண்ணீர்க் குழாயை வளைத்து வைப்பது கேஜ் ஆகாது. அதோடு, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும்போது தலைக்கு அருகே இரும்புக் குழாய் இருப்பது கொடுமை. வீடு திரும்புகிற காருக்கு அது வேண்டாம்.

---

ஈரோட்டு_ஜென் எழுதியது:

பெட்ரோல் குழாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிலையத்தில் விற்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீத எத்தனால். 2002 காரின் ரப்பர் இதை எண்ணிச் செய்ததல்ல. உப்பி, வெடித்து, என்ஜினின் சூட்டுக்கு அருகிலேயே கசியும். எத்தனாலுக்கு ஏற்ற குழாய் என்று அச்சிட்டதை மீட்டர் கணக்கில் வாங்கலாம். டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுதாக இறக்கிவிடுங்கள். இன்னொன்று: சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்யும். தளத்தில் முழு ஆக்சிலரேட்டரில் சென்சாரின் பேச்சு எடுபடாது, கலவை மெலியும். தளத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பிளக் நிறத்தைப் பாருங்கள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, நான்கும் ஒரே அளவு தெளிக்கின்றனவா என்று சோதனைப் பலகையில் பார்க்கச் சொல்லுங்கள்.

---

உடுமலை_வெள்ளை_எஸ்டீம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இலைகூட நுழையவில்லை. இடைவெளி வைத்துவிட்டு எடுத்தபோது 128. ஆயில் விட்டபின் 131. காற்று விட்டதும் சைலன்ஸர் வாயில் சீறல் தெளிவாகக் கேட்டது. ஆயில் மூடிப் பக்கம் மௌனம். மற்ற மூன்றும் முன்பு போலவே.

காந்தம் இடப்பக்க ரன்னிங் போர்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவில்லை. ஸ்ட்ரட் இடங்கள் சுத்தமாக இருக்கின்றன. டயர் 175/70 ஆர்13தான். கடைசி இரண்டு எண்கள் 14. நான்கையும் மாற்றுகிறேன்.

ஆக, ஹெட்டை மட்டும் இறக்குவதாக முடிவு. பிளாக்கைத் தொடப்போவதில்லை. மெக்கானிக் அண்ணனும் காற்றுச் சோதனையை உடனிருந்து பார்த்தார். அவரே ஹெட் இறக்க வருகிறேன் என்றார். ஹெட் வேலையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் ஐயா?

---

சிங்காநல்லூர்_மைக்ரோமீட்டர் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி, அம்மணி. சந்தேகத்துக்கு இடமில்லை, எக்ஸாஸ்ட் வால்வுதான். அந்த சிலிண்டரின் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் புதிது போடுங்கள். கருகியதை லேப்பிங் செய்து ஒப்பேற்ற விடாதீர்கள். வால்வு உட்காரும் சீட்டை வெட்டிச் சீராக்கும் முன், வால்வின் தண்டு நகரும் குழலான கைடில் ஆட்டம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் கைடில் வெட்டிய சீட் மையத்தில் உட்காராது, சில மாதத்தில் மீண்டும் இதே சீறல் கேட்கும். பதினாறு ஸ்டெம் சீலும் புதிது. வேலை முடிந்த ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்குகளை மாட்டி, ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, கால் மணி நேரம் ஒரு சொட்டும் இறங்கவில்லை என்பதை உங்கள் கண்ணால் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

ஹெட் கழன்றிருக்கும்போது மேலிருந்தே போர் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். நான்கு சிலிண்டரின் எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இப்போதே மாற்றுங்கள். எப்படியும் பாதி கழற்றித்தான் இருக்கும்.

கேஸ்கெட் புதிது. பிளாக்கின் போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்சு காட்டும் அளவு தவறாகும், பிளாக்கே விரியவும் கூடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வரிசையில், ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக இறுக்குங்கள். என்னிடம் சரிபார்த்த டார்க் ரெஞ்சு இருக்கிறது. சிங்காநல்லூர் வரும்போது வாங்கிக்கொண்டு போங்கள். நோட்டையும் எடுத்து வாருங்கள்.